மேயும் மாடும் நம் கடைப் பாலும்

 

திருக்குர்ஆனின் இரண்டாவது சூராவுக்கு அல்பகரா, அதாவது மாடு என்று பெயர். ஆறாவது சூராவுக்கு அல்அன்ஆம், கால்நடைகள் என்று பெயர். மதரஸாவில் ஓதத் தொடங்கிய சிறுவனுக்கும் இது தெரியும். நாம் விடியற்காலையில் அடுப்பு மூட்டி முதல் குவளை தே தாரிக்கை ஆற்றும்போதும், மளிகைக் கடையில் பால்மாவு டின்களைத் துடைத்து அடுக்கும்போதும், அந்த மாட்டின் வரும்படியில்தான் கை வைக்கிறோம். ஒரு பெட்டியின் கொள்முதல் என்ன, எத்தனை வெள்ளி நிற்கும், எந்தத் தேதியில் காலாவதி என்பதெல்லாம் நமக்கு விரல் நுனியில் இருக்கிறது. அந்த மாடு எதைத் தின்றது, யாருடைய புல்லைத் தின்றது என்று நமது மார்க்கம் கேட்கிறது. இம்முறை அதைப் பற்றிச் சற்றுப் பேசுவோம்.

சூரத்துந் நஹ்லைத் தேனீயின் சூரா என்கிறோம். ஆனால் தேனீ வருவதற்கு வெகு முன்பே அதில் கால்நடைகள் வந்துவிடுகின்றன. ஐந்தாவது, ஆறாவது ஆயத்துகளில், கால்நடைகளால் நமக்குக் கிடைக்கும் குளிர்காப்பையும் மற்ற பயன்களையும் உணவையும் சொல்லிவிட்டு, அவற்றை மாலையில் ஓட்டி வரும்போதும் காலையில் மேயவிடும்போதும் அவற்றில் நமக்கு ஓர் அழகு இருப்பதை அல்லாஹ் தஆலா நினைவூட்டுகிறான். காலை முன்னால்தானே வரவேண்டும்? மாலையை ஏன் முதலில் சொல்ல வேண்டும்? முஃபஸ்ஸிரீன்கள் இதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றோடு போகும் மந்தை, மாலையில் வயிறு நிறைந்து மடி கனத்துத் திரும்புகிறது. ஆகவே மாலையின் அழகே பெரிது. ஊரில் மந்தை திரும்பும் நேரத்தில் தெருவில் புழுதி எழும்புவதையும், கொட்டிலில் கட்டிய கன்று தாயின் குரல் கேட்டுக் கயிற்றை இழுப்பதையும் பார்த்தவர்களுக்கு இந்த ஆயத்துக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அதே சூராவின் பத்தாவது ஆயத்தில், வானத்திலிருந்து இறங்கும் நீரில் நமக்குக் குடிப்பும், நாம் கால்நடைகளை மேய்க்கும் பச்சையும் உண்டு என்று வருகிறது. அங்கே மேய்ப்பதைக் குறிக்கும் அரபுச் சொல் எந்த வேரிலிருந்து வந்ததோ அதே வேரிலிருந்துதான் ஃபிக்ஹு கிதாபுகளில் உள்ள ‘ஸாயிமா’ என்ற சொல்லும் வருகிறது. ஸாயிமா என்றால் தானே மேய்ந்து வயிறு நிரப்பும் பிராணி. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜகாத்து விஷயத்தில் திரும்பவும் வரும்.

அறுபத்தாறாவது ஆயத்துக்கு வருவோம். கால்நடைகளின் வயிற்றில், சாணத்துக்கும் இரத்தத்துக்கும் நடுவிலிருந்து, குடிப்பவர்களுக்கு இதமான கலப்பற்ற பாலை அல்லாஹ் புகட்டுகிறான் என்பது அதன் கருத்து. பயானில் எத்தனையோ முறை கேட்டது. ஆனால் மாட்டின் வயிற்றில் நடப்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. மாட்டுக்கு மேல்வரிசை முன்பற்கள் கிடையாது. நாக்கைச் சுழற்றிப் புல்லை வளைத்துப் பிடித்து இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடுகிறது. அதன் வயிற்றுக்கு நான்கு அறைகள். முதல் அறை மட்டும் பெரிய மாட்டுக்கு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். நம் கடையின் பெரிய தண்ணீர்ப் பீப்பாய் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருந்து, மனிதனால் செரிக்கவே முடியாத நாரைக் கரைத்துச் சத்தாக்குகின்றன. பிறகு மாடு நிழலில் படுத்து, தின்றதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து, ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடுகிறது. அசை போடும்போது ஊறும் உமிழ்நீர் ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கும் மேல் வரும். அந்த உமிழ்நீர்தான் வயிற்றின் புளிப்பைத் தணித்துச் சமப்படுத்துகிறது. கரைந்த சத்து இரத்தத்தில் ஏறி மடிக்குப் போகிறது. ஒரு லிட்டர் பால் ஊறுவதற்கு 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடி வழியாகப் பாய வேண்டும். இரத்தத்தின் நிறமும் இல்லாமல் சாணத்தின் வாடையும் இல்லாமல் வெளியே வருகிறது அந்த ஒரு லிட்டர். அதை நாம் சில வெள்ளிக்கு விற்றுவிட்டுப் பேரம் பேசுகிறோம்!

புல்லுக்காகப் படைக்கப்பட்ட வயிறு இது. தானியத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால் அது வெகு விரைவில் புளிக்கிறது, மாடு அசை போடுவது குறைகிறது, உமிழ்நீர் குறைகிறது, வயிறு கெட்டுக் கடைசியில் குளம்பு வரைக்கும் நோய் இறங்குகிறது. புல்லைத் தின்னும் மாட்டின் பாலில் வித்தியாசம் உண்டா என்று கேட்டால், உண்டு. பச்சைப் புல்லில் உள்ள கரோட்டின் என்ற மஞ்சள் சத்து பசுவின் கொழுப்பில் தங்குகிறது. நியூஸிலாந்து வெண்ணெய் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து, சாயம் போட்டிருக்கிறார்களா என்று வாடிக்கையாளர் கேட்பதுண்டு. சாயமில்லை, புல். எருமைக்கு அந்த மஞ்சள் சத்தை முழுக்க வைட்டமினாக மாற்றிக்கொள்ளும் தன்மை இருப்பதால் அதன் நெய் வெள்ளையாகவே இருக்கும். ஒமேகா-3 என்று டின்னில் அச்சிடுகிறார்களே, அந்த வகைக் கொழுப்பும் மேயும் மாட்டுப் பாலில் சற்று அதிகம் இருப்பதாக ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக வரும் ஒரு ஹதீஸில் நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் பசுவின் பாலை அருந்தும்படி சொல்லி, அதற்குக் காரணமும் சொல்கிறார்கள். அது எல்லா மரஞ்செடிகளிலிருந்தும் மேய்கிறது என்பதே காரணம். பாலின் சிறப்பை மாட்டின் இனத்திலோ நிறத்திலோ வைக்காமல் மேய்ச்சலில் வைத்தார்கள். இதன் மறுபக்கமும் ஹதீஸில் இருக்கிறது. அசுத்தத்தைத் தின்று திரியும் பிராணிக்கு ‘ஜல்லாலா’ என்று பெயர். அதன் இறைச்சியை உண்பதையும் பாலைக் குடிப்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். அதை அடைத்து வைத்துச் சுத்தமான தீனி கொடுத்து, அந்த வாடை போனபின் பயன்படுத்தலாம் என்பது ஃபுகஹாக்களின் வழி. இப்னு உமர் (ரலி) அவர்களே கோழியை மூன்று நாள் அடைத்து வைப்பார்கள் என்று வருகிறது. ஆக, பிராணி ஹலாலாக இருந்தால் மட்டும் போதாது, அதன் வாய்க்குள் போவதும் கேள்விக்குரியது என்பதை நமது மார்க்கம் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே வைத்துவிட்டது.

உலகம் இதை எப்படிக் கற்றுக்கொண்டது தெரியுமா? இங்கிலாந்தில் 1986-ஆம் ஆண்டில் மாடுகளுக்கு ஒரு புது நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மாடு நிலைகொள்ளாமல் தள்ளாடி விழுந்து சாகும். மூளை கடற்பஞ்சு போலத் துளைத்துப்போயிருக்கும். பைத்திய மாட்டு நோய் என்று பத்திரிகைகள் எழுதின. புல் தின்னும் மாட்டுக்கு, பால் கூடுதலாகக் கறக்கட்டும் என்று, செத்த மாடு ஆடுகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்த மாவைத் தீவனத்தில் கலந்து கொடுத்து வந்ததே அந்நோய் பரவக் காரணம். 1988-இல் அந்தத் தீவனத்தைத் தடுத்தார்கள். அதற்குள் நோய் எங்கும் பரவியிருந்தது. 1996 மார்ச்சில், மனிதர்களுக்கு வந்திருக்கும் ஒரு மூளை நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று அந்நாட்டு அரசாங்கமே பார்லிமெண்டில் சொல்ல வேண்டியதாயிற்று. லட்சக்கணக்கான மாடுகள் கொன்று எரிக்கப்பட்டன. இதையும் ஜல்லாலாவையும் ஒரே ஹுக்முக்குள் போடுவது ஆலிம்களின் வேலை, நமது வேலையல்ல. ஆனால் ஜல்லாலா ஹதீஸைக் கேட்டுவிட்டு இந்தச் செய்தியைப் படித்த எந்த முஸ்லிம் வியாபாரிக்கும் இரண்டும் மனத்தில் அருகருகே நிற்காமல் இராது.

இதனால் தீவனம் கொடுப்பதே தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மழை பொய்த்த காலத்தில் வைக்கோலும் புண்ணாக்கும்தான் மாட்டைக் காப்பாற்றுகின்றன. அதிலும் நம் வெப்ப நாட்டுப் புல் விரைவில் முற்றி நாராகிவிடும். குளிர்நாட்டுப் புல்லைப் போலப் பால் கொடுக்காது. 400 கிலோ எடையுள்ள மாடு ஒரு நாளைக்குச் சுமார் 40 கிலோ பசும்புல் தின்ன வேண்டும். அத்தனை புல்லுக்கு இடம் எங்கே? ஆகவே நேப்பியர் புல்லை வளர்த்து, முற்றுமுன் அறுத்துக் கொண்டுவந்து கொட்டிலில் போடுகிறவர்கள் பலர். அதுவும் நல்ல முறைதான். செழிப்பான பூமியில் பிரயாணம் செய்தால் ஒட்டகங்களுக்குப் பூமியிலிருந்து அவற்றின் பங்கைக் கொடுங்கள் என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறது. பிரயாண அவசரத்திலும் பிராணியின் பங்கு போகக்கூடாது என்றால், 24 மணி நேரமும் ஒரே முளையில் கட்டிக் கிடக்கும் மாட்டின் பங்கு என்ன என்பதை மாடு வைத்திருப்பவர்கள் யோசிக்கட்டும்.

நாம் மாடு வைத்திருக்கவில்லை, பால் விற்கிறோம். நமது பங்கு நாவில் இருக்கிறது. ‘புல் தின்னும் பசுவின் பால்’ என்று அச்சிட்ட டின்கள் இப்போது வருகின்றன. விலையும் கூடுதல். வாடிக்கையாளர் கேட்டால், ஆமாம், சுத்தப் புல், நூற்றுக்கு நூறு என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நியூஸிலாந்து மாடுகள் வருஷம் முழுவதும் வெளியில் நின்று மேய்கின்றன என்பது உண்மை. ரைகிராஸ் என்ற புல்லும் வெள்ளைக் குளோவர் என்ற செடியும் அவற்றின் தீனி. அவர்களது வசந்தத்தில் புல் துளிர்க்கும் நேரத்துக்குப் பால் பெருகும்படி, குளிர்காலத்தின் கடைசியில் கன்று ஈனச் செய்கிறார்கள். ஆனால் இன்னொன்றும் உண்மை. புல் குறையும் மாதங்களில் அங்குள்ள பண்ணைகள் பலவற்றில் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும் கொடுக்கிறார்கள். அந்தப் புண்ணாக்கு எங்கிருந்து போகிறது? மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும்தான். நம் கண்முன் லாரியில் போகும் செம்பனைக் குலையின் ஒரு பாகம் கப்பலேறி நியூஸிலாந்து மாட்டின் வயிற்றுக்குப் போய், பால்மாவாகி, நம் தட்டுக்கே திரும்பி வருகிறது! அதில் ஹராம் ஒன்றுமில்லை. ஆனால் டின்னில் எழுதியிருப்பதை மட்டும் படித்துச் சொல்வது ஒன்று, தெரியாததைச் சத்தியம் செய்து விற்பது வேறொன்று.

டின்பாலைப் பற்றியும் சொல்லிவிடுவோம். மலேசியக் கடைகளில் தே தாரிக்குக்குப் போகும் டின்களில் பெரும்பாலானவற்றின் மேல் ‘கிரிமர் மானிஸ்’ என்றுதான் எழுதியிருக்கிறது. சூசு என்று எழுதவில்லை. அதில் பாலின் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் இருக்கிறது. எழுதியவன் ஒளிக்கவில்லை. நாம்தான் வாயால் ‘பால் டின்’ என்கிறோம். பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று ஒரு தாய் கேட்கும்போது, இது பால் அல்ல, சர்க்கரையும் செம்பனை எண்ணெயும் சேர்ந்த கிரீமர், தேநீருக்கு ஆகும், பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பால் வியாபாரத்தில் ஏமாற்றை நாயகம் (ஸல்) அவர்கள் தனியாகவே தடுத்திருக்கிறார்கள். சந்தைக்குக் கொண்டுபோகுமுன் இரண்டு மூன்று நாள் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, நிறையப் பால் கறக்கும் பிராணி என்று காட்டி விற்பது அக்கால அரபிகளின் தந்திரம். அப்படி விற்காதீர்கள் என்று தடுத்து, ஏமாந்து வாங்கியவனுக்கு மூன்று நாள் தவணையும் கொடுத்தார்கள். அவன் கறந்து பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். அல்லது குடித்த பாலுக்கு ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். விபரங்களில் இமாம்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு, தடையில் பேதமில்லை. விற்றவன் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மடியைப் பேச வைத்தான். அவ்வளவுதான். பச்சைப் புல்வெளியும் கொழுத்த மாடும் வரைந்த படத்தை முன்னால் தொங்கவிட்டு, வேறொன்றை விற்பதும் மடியைக் கட்டுவதுதான் என்பது நமது அபிப்பிராயம்.

பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயையும், உமர் பார்க்காவிட்டாலும் உமருடைய ரப்பு பார்க்கிறானே என்ற மகளையும் அனைவரும் அறிவர். விரிக்க வேண்டியதில்லை. 2008-இல் சீனாவில் நடந்ததை மட்டும் அதன் பக்கத்தில் வைப்போம். அங்கும் முதலில் தண்ணீர்தான் கலந்தார்கள். தண்ணீர் கலந்தால் சோதனையில் புரதம் குறைவாகக் காட்டுமே! அதை மறைக்க மெலமைன் என்ற இரசாயனத்தைப் போட்டார்கள். தட்டு, கோப்பை செய்யும் மெலமைன்! ஆறு பச்சிளங்குழந்தைகள் இறந்தார்கள். சுமார் 3 இலட்சம் குழந்தைகளுக்குச் சிறுநீரகம் முதலிய கோளாறுகள் வந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூரில் சீனப் பால் பொருள்கள் அனைத்தும் கடைத் தட்டுகளிலிருந்து இறக்கப்பட்டன. மதீனாவின் குடிசையில் ஒரு குவளைத் தண்ணீரோடு நின்றுபோன காரியம் நிற்காமல் ஓடினால் எங்கே போய் முடியும் என்பது அப்போது தெரிந்தது.

இனி அந்த ஸாயிமாவுக்கு வருவோம். நாயகம் (ஸல்) அவர்கள் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை எமன் நாட்டுக்கு அனுப்பியபோது, 30 மாடுகளுக்கு ஒரு வயது நிறைந்த கன்று ஒன்றும், 40 மாடுகளுக்கு இரண்டு வயது நிறைந்தது ஒன்றும் ஜகாத்தாக எடுக்கச் சொன்னார்கள். அந்தக் கணக்கில் 60க்கு ஒரு வயதுக் கன்று இரண்டு. 70க்கு ஒரு வயதுக் கன்று ஒன்றும் இரண்டு வயதுக் கன்று ஒன்றும். நம்மில் 30 மாடு யாருக்கு இருக்கிறது என்று சிலர் சிரிக்கலாம். அதில் அடங்கியிருக்கும் நியாயத்துக்காகவே சொல்கிறோம். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டு மத்ஹபுகளிலும் இந்த ஜகாத்து மேய்ந்து வளரும் மாட்டுக்குத்தான். ஹனஃபியில் வருஷத்தின் பெரும்பகுதி மேய்ந்தால் போதும். ஷாஃபிஈயில் நிபந்தனை இன்னும் கடினம். காசு கொடுத்துத் தீனி வாங்கிக் கட்டிப்போட்டு வளர்த்தால் அந்த மாட்டின் மேல் ஜகாத்து இல்லை. பால் விற்ற பணம் சேர்ந்து நிஸாபு அடைந்து வருஷம் நிறைந்தால் பணத்துக்கு உண்டு. விற்பதற்காகவே வாங்கிய மாடு என்றால் வியாபாரச் சரக்கின் கணக்கில் நூற்றுக்கு இரண்டரை. மாலிகி மத்ஹபில் மட்டும் கட்டிப்போட்டு வளர்த்தாலும் உண்டு.

இந்தப் பிரிவு ஏன்? மேயும் மாட்டின் சொந்தக்காரன் புல்லுக்கு விலை கொடுக்கவில்லை. அவன் விதைக்கவில்லை, நீர் பாய்ச்சவில்லை. அல்லாஹ் இறக்கிய மழையில் அல்லாஹ் முளைக்க வைத்ததைத் தின்று அவனது மந்தை பெருகிற்று. ஆகவே பெருகியதில் ஏழைக்கு ஒரு கன்று. புல்லில் எல்லோருக்கும் பங்கு உண்டு என்பதற்கு வேறு அத்தாட்சியும் இருக்கிறது. தண்ணீர், புல், நெருப்பு இம்மூன்றிலும் ஜனங்கள் கூட்டாளிகள் என்ற கருத்துள்ள ஹதீஸை நாம் கேட்டிருக்கிறோம். மிச்சத் தண்ணீரைத் தடுத்து அதன்மூலம் புல்லைத் தடுக்காதீர்கள் என்றும் வந்திருக்கிறது. ஒருவனுக்குக் கிணறு இருக்கிறது. பக்கத்தில் பொதுப் புல்வெளி. புல்லை அவனால் தடுக்க முடியாது. ஆனால் கிணற்றை மூடிவிட்டால் மற்றவர் மாடு அங்கே நிற்காது. புல் முழுவதும் அவனுக்கே. இந்த வியாபாரச் சூட்சுமம் எத்தனை பழையது பாருங்கள்!

நம் நாடுகளில் இந்தப் பங்கு எப்படி இருந்தது? சிங்கப்பூரில் கண்டாங் கெர்பாவ் என்றாலே எருமைக் கொட்டில். பஃபலோ ரோடும் அதன் நினைவுதான். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் நம் இந்தியர்கள் மாடு வளர்த்து, வாசலுக்கு வாசல் பால் ஊற்றினார்கள். புக்கிட் தீமாவில் 1930 வாக்கில் தொடங்கிய பெரிய பால்பண்ணையின் பெயர் டேரி ஃபார்ம் ரோட்டிலும், 2009-இல் திறந்த பூங்காவிலும் மட்டும் நிற்கிறது. மலேசியத் தோட்டங்களில் ரப்பர் மரங்களின் கீழே தோட்டத் தொழிலாளிகளின் மாடுகள் மேய்ந்தன. கூலி பற்றாத வீட்டில் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு வழி அந்த இரண்டு மாடுகள்தான். தோட்டம் துண்டாடப்பட்டு வீட்டு மனையாகிப் பல குடும்பங்கள் வெளியேறியபோது மாட்டுக்கு இடமில்லாமல் விற்றுவிட்டுப் போனார்கள். மாடு மேய்ந்தால் தோட்டத்துக்கு நஷ்டம் என்பதும் சரியல்ல. வளர்ந்த செம்பனையின் கீழே மாடு மேய்ந்தால் களை வெட்டும் செலவு குறைகிறது என்று கண்டு, சில தோட்டங்களில் நகர்த்தும் மின்வேலி போட்டு முறை வைத்து மேய்க்கிறார்கள்.

ஊர்ப்பக்கம் போனால் விஷயம் நமக்கு இன்னும் நெருக்கமாகிறது. தமிழ்நாட்டுக் கிராமக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒரு வகை நிலம் உண்டு. ஊர் மாடுகளுக்கென்றே விட்டது. ஒரு பசுவை வைத்துக் காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றி அடுப்பெரிக்கும் விதவைக்கு அந்த வெளிதான் சொத்து. சீமைக்கருவேலம் ஒரு பக்கம் அதைத் தின்கிறது. மறுபக்கம், இங்கிருந்து போகும் வெள்ளியும் தின்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. நம்மவர் ஊரில் பத்து ஏக்கர் வாங்குகிறார். பக்கத்திலுள்ள மேய்க்கால் இரண்டு ஏக்கரும் கம்பி வேலிக்குள் வந்துவிடுகிறது. சுற்றிலும் யாரும் கேட்க மாட்டார்கள். வெளிநாட்டுக்காரர், பள்ளிவாசலுக்கு நன்கொடை கொடுத்தவர். அடுத்த மாதம் முதல் அந்த விதவை புண்ணாக்கை விலைக்கு வாங்க வேண்டும். பாலில் கிடைப்பது தீவனத்துக்கே சரியாகும். ஒரு வருஷத்தில் பசுவை விற்பாள். இந்திய உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில், பஞ்சாபைச் சேர்ந்த ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. எத்தனை வருஷம் அனுபவித்தாலும், எவ்வளவு செலவழித்துக் கட்டிடம் கட்டியிருந்தாலும் அது நியாயமாகாது என்றும் சொன்னது.

இஸ்லாத்துக்கு முந்திய காலத்தில் அரபுத் தலைவர்கள் செழிப்பான இடத்தில் ஒரு நாயைக் குரைக்க வைத்து, அந்தச் சத்தம் கேட்கும் தூரம் வரை புல் தனக்கே என்று ஒதுக்கிக்கொள்வார்கள் என்று கிதாபுகளில் வருகிறது. அதற்கு ஹிமா என்று பெயர். நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஒழித்தார்கள். அல்லாஹ்வுக்கும் ரஸூலுக்குமே ஹிமா என்றார்கள். அதாவது பொதுக் காரியத்துக்கு மட்டும். பின்னர் ஹஜரத் உமர் (ரலி) அவர்கள் தமது கிலாஃபத்தில் ஒதுக்கிய ஹிமாவுக்கு ஹுனைய் என்பவரைக் காவல் வைத்தபோது சொன்ன உபதேசம் புகாரியில் இருக்கிறது. கொஞ்சம் ஒட்டகம், கொஞ்சம் ஆடு வைத்திருப்பவனை உள்ளே விடு என்றார்கள். இப்னு அவ்ஃபுடைய மந்தையையும் இப்னு அஃப்பானுடைய மந்தையையும் கவனமாகத் தள்ளி நிறுத்து என்றார்கள். யார் அவர்கள்? அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபும் உஸ்மானும் (ரலி)! சுவர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற பதின்மரில் இருவர். நம்மைப் போல வியாபாரிகள். அவர்களுடைய மந்தை அழிந்தாலும் பேரீச்சந்தோட்டமும் பயிரும் இருக்கின்றன. ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் முன்னே வந்து நிற்பான். அவனை நான் கைவிட முடியுமா? அப்போது தங்கமும் வெள்ளியும் கொடுப்பதைவிட இப்போது தண்ணீரும் புல்லும் கொடுப்பது எனக்கு எளிது என்பது அவர்கள் சொன்ன காரணம். மேலும், இந்த ஜனங்கள் தங்கள் பூமிக்காக நாம் அநியாயம் செய்துவிட்டதாக நினைப்பார்களே என்றும் கவலைப்பட்டார்கள்.

ஊரில் நிலம் பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரர்களுக்கு ஒன்று. கிரயம் பேசுமுன் அந்தச் சர்வே எண்ணையும், அதைச் சுற்றியுள்ள எண்களையும் ‘அ’ பதிவேட்டில் பாருங்கள். எந்த எண் பட்டா, எந்த எண் புறம்போக்கு, எந்த எண் மேய்க்கால் என்று அதில் எழுதியிருக்கும். தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் கிடைக்கிறது. கடை மேசையில் இருந்தபடியே கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். முன்பே வேலிக்குள் வந்துவிட்டதென்றால், சர்வேயரை வைத்து அளந்து, கல்லை அதன் இடத்தில் நட்டு, மாடு போகிற அளவுக்கு வழி விட்டு வேலியைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லி ஊருக்கு ஒரு போன் பேசினால் போதும்.